மடுல்சீமைக்குப் போன பால் பம்பு

ஓய்வு பெற்ற பிறகும் என்னை ஆபிஸ் விட்டபாடில்லை. போன மாதம் ஒரு காலை, அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருக்கும்போது நிரோஷா கோல் எடுத்தாள். எங்கள் காப்புறுதிக் கம்பனியின் பதுளைக் கிளையில் என்னுடைய கதிரையில் இப்போது இருக்கிற பிள்ளை அவள்.

"மிஸ், ஒரு டீச்சர் பிரசவத்துக்கு முந்தியே பால் பம்புக்கு கிளெய்ம் கேக்குறாங்க. குடுக்கலாமா?"

"குடுக்கலாம். டாக்டர் கடிதத்த போட்டோ புடிச்சி அனுப்பச் சொல்லு."

"அவ்வளவுதானா மிஸ்?"

அவ்வளவுதானா என்று கேட்டாள் பாருங்கள், எனக்கு ஒரே எரிச்சல். இப்போது போனில் படம் அனுப்பினால் தேத்தண்ணி ஆறுவதற்குள் சரி என்று பதில் வருகிறது. நல்லது, வரட்டும். ஆனால் எங்கள் கிளையில் முதல் பால் பம்பை வாங்கிக் கொடுக்க நான் பட்ட பாட்டை இந்தப் பிள்ளைக்கு யார் சொல்வது? சொல்லத் தொடங்கினேன். பாதியில் சோறு அடிப்பிடித்த வாடை வந்தது. அவளும் ஆள் வந்துவிட்டது என்று போனை வைத்துவிட்டாள். அதனால் முழுக் கதையையும் எழுதியே கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் வேலைக்கு வந்த கதை பெரிதல்ல. உயர்தரம் படித்தேன், கோயில் பாதர் நல்ல பிள்ளை என்று ஒரு கடிதம் கொடுத்தார், கொழும்பில் கொஞ்ச நாள் பயிற்சி என்று உட்கார வைத்தார்கள். அங்கே நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று. வருகிற ஆள் கத்தினாலும் நாம் சிரிக்க வேண்டும், மனேஜர் சிரித்தால் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். மிச்சத்தையெல்லாம் பதுளையில் அருமைநாயகம் சேரிடம்தான் படித்தேன்.

அருமைநாயகம் சேர் எங்கள் கிளை மனேஜர். வெயிலோ மழையோ, முழுக்கைச் சட்டை போட்டு மணிக்கட்டில் பொத்தான் மாட்டியிருப்பார். என் சர்வீசில் அவர் ஒருவரிடமும் முடியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை. நாம் சொல்வதைத் தலையாட்டிக் கேட்பார். கேட்டு முடித்ததும் மேசையில் திறந்து வைத்திருக்கும் பேனாவை எடுத்து, மூடியை மெதுவாகத் திருகி மூடி, சட்டைப் பையில் குத்திக்கொள்வார். பேனா மூடினால் விஷயம் மூடியாச்சு. வந்தவர்களுக்கு இது தெரியாது. "சேர் நல்லா கேட்டாருங்க" என்று சந்தோஷமாகப் போவார்கள். அவர்களை வாசலில் நிறுத்தி உண்மையைச் சொல்வது என் வேலை.

அந்த மனிதரைக் குறை சொல்லவும் முடியாது, அவரைக் கெடுத்தது எங்கள் ஆட்கள்தான். கொஸ்லந்தையில் ஒரு குடும்பம் அப்பாவின் பெயரில் ஒரு மூக்குக்கண்ணாடி வாங்கி, அப்பா, சித்தப்பா, மாமா என்று முறை வைத்துப் போட்டுக்கொண்டிருந்தது. பண்டாரவளைக்காரர் ஒருவர் கால் முறிந்தது என்று சக்கர நாற்காலி வாங்கினார். கால் முறிந்தது உண்மை, அது சுகமானதும் உண்மை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர் மனைவியோடு பண்டாரவளைச் சந்தைக்குப் போயிருக்கிறார். எங்கள் நாற்காலியில் ஒரு லீக்ஸ் மூட்டை சொகுசாக உட்கார்ந்து போகிறதாம். தள்ளிக்கொண்டு போனவர் எங்கள் நோயாளி. சேரைக் கண்டதும் அவர் நொண்ட ஆரம்பித்திருக்கிறார், அதுவும் நல்ல காலால்.

திங்கட்கிழமை சேர் வந்து இரண்டு விதி போட்டார். கம்பனி எந்தக் கருவி கொடுத்தாலும் முதலில் அது கிளையில், அவர் கண் முன்னால் வேலை செய்து காட்டப்பட வேண்டும். பிறகு ஆபிசர் ஒருவர் அதைக் கொண்டுபோய், காப்புறுதிக்காரர் வீட்டுக்கு உள்ளே வைப்பதைக் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். வாசலில் கொடுத்துவிட்டு வருவது செல்லாது. இந்த இரண்டாவது விதி பின்னால் என் தலையில் வந்து விடியும் என்று அன்று எனக்குத் தெரியாது.

சரி, பம்புக்கு வருகிறேன். ஒரு நாள் மத்தியானம் சுகந்தி என்று ஒரு பெண் வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில் கிளாக்கர். அந்தத் தோட்டத்து ஆபிஸ்காரர்கள் எல்லோருக்கும் எங்களிடம்தான் மருத்துவக் காப்புறுதி. வயிறு நன்றாகத் தள்ளியிருந்தது. முதல் பிள்ளை. புருஷனுக்குக் கொழும்பில் ஹோட்டல் வேலை. தாய் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்ததால், பிரசவத்துக்கும் மாமியாரின் லயத்து வீட்டிலேயே, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், இருந்தாள்.

ஸ்கேன் பார்த்ததில் பிள்ளைக்கு மேலுதடு பிளந்திருப்பது தெரிந்திருக்கிறது. உள்ளே அண்ணமும் பிளந்திருக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். பயப்பட வேண்டாம், தைத்துச் சரியாக்கலாம், ஆனால் தைப்பதற்குப் பிள்ளை நிறை போட வேண்டும். இப்படிப் பிறக்கிற பிள்ளையால் மார்பில் வாய் வைத்து உறிஞ்ச முடியாது. தாய்ப்பாலை எடுத்துத்தான் ஊட்ட வேண்டும், மாதக்கணக்கில். நல்ல பம்பு ஒன்று பிள்ளை வரும் முன்னே கையில் இருக்கட்டும் என்று கடிதமும் கொடுத்திருக்கிறார்.

"வீட்டுல தெரியுமா?" என்று கேட்டேன்.

"அவருக்கு தெரியும் மிஸ். மாமிக்கு தெரியாது. சொன்னா, கிரகணத்தன்னிக்கு வெளிய போனியான்னுதான் கேப்பாங்க."

"போனியா?"

"சம்பள வாரம் மிஸ். ஃபெக்டரிக்கு போகாம எப்புடி?"

அழவில்லை. அழுதிருந்தால் நாலு வார்த்தை ஆறுதல் சொல்லி அனுப்பியிருப்பேன். அவள் பாட்டுக்குக் கடிதத்தை மேசையில் வைத்து, மடிப்பைக் கையால் நீவி நீவி நேராக்கிக்கொண்டிருந்தாள். இவளுக்கு இதை வாங்கிக் கொடுக்காமல் விடுவதில்லை என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன்.

சேரின் அறைக்குப் போனேன். பேனா திறந்திருந்தது.

"சேர், ஒரு பால் பம்பு."

சேர் உடனே மேலே சுற்றாமல் நின்ற மின்விசிறியைப் பார்த்தார். காது இரண்டும் சிவந்துவிட்டது. பெண் பிள்ளைகள் இரண்டு பேரைப் பெற்ற மனிதர்.

"மிஸ் ஸ்டெல்லா, அந்த சாமான் இருக்கே," என்று விசிறியிடம் சொன்னார், "அதுக்கு நோயாளி யாரு?"

"புள்ள, சேர்."

"பொறந்திருச்சா?"

"இல்ல."

"பேரு?"

"இன்னும் வைக்கல."

"பொறந்த திகதி?"

"சேர், பொறந்தாத்தானே திகதி."

"அப்ப அந்தப் புள்ள நம்ம அங்கத்தவர் இல்ல. தாய் அங்கத்தவர். தாய்க்கு என்ன வருத்தம்?"

"தாய் நல்ல சுகமா இருக்கா."

பேனாவை எடுத்தார். மூடி திருகப்பட்டது. "பொறந்த பொறகு பதிஞ்சிட்டு கேக்கச் சொல்லுங்க" என்றார் கனிவாக. பிறப்புச் சான்றிதழ் எடுத்து, கொழும்புக்கு அனுப்பி, பெயர் ஏறி வருவதற்குள் பிள்ளை என்ன, அந்தச் சான்றிதழைச் சப்பிக்கொண்டிருக்குமா? கோபத்தில் மத்தியானச் சாப்பாட்டில் கை வைக்காமல் மூடி வைத்தேன்.

பஸ்சில் வீட்டுக்குப் போகும்போதுதான் அது என் மண்டையில் உறைத்தது. என் மூத்தவள் பிறந்த சமயம் அவளுக்கு மஞ்சள் காமாலை. வேறு வார்டில் வைத்துவிட்டார்கள். எடுக்க ஆளில்லாமல் எனக்குப் பால் கட்டி, மார் கல்லாகி, காய்ச்சலில் நான் கிடந்த கிடை சத்துருவுக்கும் வரக்கூடாது. அப்படியென்றால் சுகந்தியும் நோயாளிதான், இன்னும் வருத்தம் வராத நோயாளி. மறுநாளே டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன். அவர் சிரித்துவிட்டு, பால் எடுக்காவிட்டால் தாய்க்கு என்னென்ன வரும் என்று ஒரு முழுப் பக்கம் எழுதிக் கொடுத்தார்.

சேர் அதை இரண்டு தரம் வாசித்தார். "பால் கட்டினா இவ்வளவு காய்ச்சலா வரும்?" என்றார்.

"வீட்டுல மிஸஸ்கிட்ட கேட்டுப் பாருங்க சேர்."

கேட்டிருக்கிறார். மிஸஸ் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் காலை வந்து, பேனாவைத் திறந்து, கையெழுத்தைப் போட்டார். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்ட முகம்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. கொழும்புத் தலைமைக் காரியாலயத்தில் வாயால் சொல்லி அனுமதி எடுக்க வேண்டியிருந்தது. மனேஜர்தான் பேச வேண்டும். சேர் போனைப் பிடித்துக்கொண்டு நெளிந்தது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

"லேடீஸ் பாவிக்கிற ஒரு மெஷின் சேர். இல்ல, தையல் மெஷின் இல்ல. உடம்புக்கு. இல்ல, மெலியிறதுக்கு இல்ல. இது வந்து, கறக்கிற மாதிரி. இல்ல சேர், மாட்டுக்கு இல்ல. நாங்க இங்க மாட்டுக்கு காப்புறுதி செய்யிறதில்ல."

போனை அவர் கையிலிருந்து வாங்கி, "தாய்ப்பால் எடுக்கிற பம்பு சேர், டாக்டர் கடிதம் இருக்கு" என்றேன். கிளை முழுவதும் கேட்டிருக்கும். கவுண்டரில் நின்றவர் ஒருவர் தன் பைலைத் தலைகீழாகப் பிடித்து வாசிக்க ஆரம்பித்தார். கொழும்பில் இருந்தவர், அதை முதலே சொல்லியிருக்கலாமே என்று சொல்லி அனுமதி கொடுத்துவிட்டார்.

அடுத்தது சோதனை. டவுனில் மருத்துவச் சாமான் விற்கும் கடைக்காரர் பம்பைக் கொண்டுவந்து சேரின் மேசையில் வைத்துப் பாகங்களைப் பூட்டினார். மடுல்சீமையில் கொஞ்சம் காற்றடித்தால் கரண்ட் போய்விடும், அதனால் பட்டரியிலும் ஓடுகிற வகை கேட்டிருந்தேன். பொத்தானை அமுக்கினார். கொர், கொர் என்று சத்தம் வந்தது. ஆபிஸ் ஆண்கள் எல்லோருக்கும் அந்த நேரம் பார்த்து வெளியே வேலை வந்துவிட்டது.

"சத்தம் வருது," என்றார் சேர். "உறிஞ்சுதான்னு எப்படி தெரியும்? விதி விதிதான்."

"கையில வச்சிப் பாக்கலாம் சேர்," என்றார் கடைக்காரர்.

சேர் முதல்முறையாகச் சட்டைக் கைப் பொத்தானைக் கழற்றினார். முழங்கைக்குக் கீழே உள்பக்கம், அந்தப் புனல் மாதிரி இருப்பதை வைத்து அழுத்தினார். பிடித்துக்கொண்டது. நிறுத்துவதற்காகப் பொத்தானை அமுக்கினார், அது கூட்டுகிற பொத்தான். மறுபடி அமுக்கினார், இன்னும் கூடியது. "மிஸ் ஸ்டெல்லா," என்றார் மிகவும் அமைதியாக, "இத விடச் சொல்லுங்க." கடைக்காரர் பாய்ந்து வந்து கழற்றினார். வட்டமாக ஒரு சிவப்புத் தடம். சேர் கையை இறக்கிப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, 'நன்கு உறிஞ்சுகிறது' என்று எழுதினார். நான் கழிவறைக்குப் போய் வாயில் கைலேன்சியை அடைத்துக்கொண்டு சிரித்தேன்.

பிறகு மடுல்சீமைப் பயணம். சுகந்தி நாள் குறித்துக் கொடுத்திருந்தாள். "வெள்ளிக்கிழமை வாங்க மிஸ், மாமி கோயிலுக்கு போயிருவாங்க." பசறையில் பஸ் மாறி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனேன். மிக்ஸியா என்று கொண்டக்டர் கேட்டார், ஆமாம் என்று சொல்லி வைத்தேன். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. மழை என்றால் மாமியார் கோயிலுக்குப் போகமாட்டார் என்று எனக்கும் தோன்றவில்லை, சுகந்திக்கும் தோன்றவில்லை.

ஓட்டோவிலிருந்து இறங்கி லயத்து இஸ்தோப்புத் திண்ணையில் ஏறினால், வாசற்படியில் மாமியார் ராமாயிம்மா நிற்கிறார். காலமெல்லாம் கொழுந்து பறித்த உடம்பு, கூடை இறங்கியும் முதுகு வளையவில்லை. வாயில் வெற்றிலை. அவர் என்னைப் பார்க்கவில்லை, என் கையிலிருந்த பெட்டியைத்தான் பார்த்தார். அதில் பெரிதாக ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை பல்லில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தது. பதுளையிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்தேனே, ஒரு பேப்பரைச் சுற்றுவோம் என்று எனக்குப் புத்தி வரவில்லை.

"இது புள்ள சாமானுங்களா?" என்றார்.

நான் வாயைத் திறக்கும் முன்னே தொடர்ந்தார். "பொறக்காத புள்ளைக்கு தொட்டில் கட்டக் கூடாதும்பாங்க. இந்த வீட்டுல ஒரு துணித்துண்டு கூட வாங்கி வைக்கல. புள்ள கைக்கு வந்த பொறகுதான் எல்லாம். உங்க வேதத்துல இதெல்லாம் இல்லீங்களா?"

"எங்க வீட்டுலயும் அப்புடித்தான் ராமாயிம்மா" என்றேன். பொய் இல்லை. என் பிள்ளைகளுக்கும் பிறக்கும் முன் ஒரு சட்டை கூட யாரும் வாங்கவில்லை. அதற்காகப் பெட்டியைத் திருப்பிக் கொண்டுபோக முடியுமா? இஸ்தோப்புப் பலகையில் வைத்துவிட்டு வரவும் முடியாது, வீட்டுக்கு உள்ளே இருக்க வேண்டும். மழைச் சாரல் பெட்டியில் அடித்தது. ராமாயிம்மா படியை விட்டு அசையவில்லை. அவருக்குப் பின்னால் சுகந்தி வந்து நின்றாள், முகத்தில் ரத்தமே இல்லை.

சேரையே மடக்கிய எனக்கு இவர் எம்மாத்திரம் என்று ஒரு நினைப்பு. "இது புள்ள சாமானே இல்ல," என்றேன். "சுகந்திக்கு குடுத்தது. நோயாளி சுகந்திதான். கம்பனியே அப்புடித்தான் எழுதியிருக்கு."

ராமாயிம்மா மெல்வதை நிறுத்தினார். "நோயாளியா? அவளுக்கு என்ன வருத்தம்?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். சுகந்தியே சொன்னாள்.

"எனக்கு ஒண்ணும் இல்ல மாமி. புள்ளைக்கு மேலுதடு பொளந்திருக்காம். அண்ணமும் பொளந்திருக்கலாம்னாங்க. அதால உறிஞ்சிக் குடிக்க முடியாதாம். பால எடுத்துத்தான் குடுக்கணுமாம்."

கிரகணப் பேச்சு இப்போது வரும் என்று காத்திருந்தேன். வந்தால் என்ன திருப்பிச் சொல்வது என்று மனதுக்குள் அடுக்கியும் விட்டேன். ராமாயிம்மா படியிலிருந்து இறங்கி வந்து, பலகையில் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கும் ஒண்ணு அப்புடி பொறந்திச்சி மிஸ்," என்றார். "இவ புருஷனுக்கு முந்தி. பொம்பளப் புள்ள. எனக்கு மாரு நெறஞ்சி சட்டையெல்லாம் ஊறிப் போகும். அதுக்கு இழுக்க தெரியல. ஊத்திப் பாத்தோம், மூக்கு வழியா வந்திருச்சி. கிரகணம் புடிச்ச புள்ளன்னு லயமே பேசிச்சி. கிரகணம் இல்ல மிஸ். அது பசியிலதான் போச்சி."

சுகந்தி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏன்டி என்கிட்ட சொல்லல?" என்றார் ராமாயிம்மா.

"நீங்க கிரகணம்னு சொல்லுவீங்கன்னு..."

"கிரகணமாவது மண்ணாவது."

அப்பாடா, தீர்ந்தது என்று பெட்டியைத் தூக்கினேன். அவர் கையை நீட்டித் தடுத்தார். "இருங்க. புள்ள சாமான் உள்ள வரக்கூடாது. ஒரு தடவ பறிகொடுத்தவ நான், அதுல மட்டும் மாத்தமில்ல."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. மழை வலுத்தது. ராமாயிம்மா எழுந்து பெட்டியைத் தன் இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டார்.

"இது என் சாமான். எனக்கு வாங்கினது. என் சாமான் என் வீட்டுக்குள்ள வரலாம்ல?"

"உங்களுக்கு எதுக்கும்மா பால் பம்பு?"

"கேக்குறவங்களுக்கு நான் சொல்லிக்கிறேன்."

கேட்கவும் கேட்டார்கள். பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, என்னக்கா பெட்டி என்றாள். "பால் எடுக்குற மிஷினு. எனக்குத்தான். இப்ப என்னாங்குற?" என்று சொல்லிவிட்டு ராமாயிம்மா உள்ளே போனார். அந்தப் பெண் வாயைத் திறந்தபடி நின்றாள். பெட்டி ராமாயிம்மாவின் ட்ரங்குப் பெட்டிக்குள், அவருடைய கலியாணச் சேலைக்கு அடியில் போனது. அதற்கு முன் வெளியே எடுத்து, எதை எதில் மாட்டுவது, எதைக் கொதிநீரில் போடுவது, கூட்டுகிற பொத்தான் எது, நிறுத்துகிற பொத்தான் எது என்று என்னை ஒரு வழி பண்ணிவிட்டார். அவரே தப்பில்லாமல் பூட்டிக் காட்டிய பிறகுதான் எனக்குத் தேத்தண்ணி கிடைத்தது.

திங்கட்கிழமை சேரிடம் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். அவர் தலையாட்டிக் கேட்டார். "அப்ப நோயாளி தாய், சாமான் மாமியாருக்கு, குடிக்கப் போறது புள்ள" என்றார். "உள்ளதானே வச்சாங்க?" உள்ளேதான் என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் பேனாவை மூடினார்.

சுகந்திக்கு ஆண் பிள்ளை பிறந்தது. உதடு மட்டுமல்ல, டாக்டரம்மா நினைத்ததுபோல் அண்ணமும் பிளந்துதான் இருந்தது. முதல் இரண்டு நாளும் சீம்பாலை நர்ஸ் கையாலேயே அழுத்திச் சொட்டுச் சொட்டாக எடுத்துக் கொடுத்திருக்கிறார். பாதி வழிந்துவிட்டதாம், பிள்ளை சோர்ந்து தூங்கிக்கொண்டே இருந்ததாம். இதைச் சுகந்தியின் புருஷன் போனில் சொன்னபோது எனக்கு வேலையில் மனம் போகவில்லை. மாதாவிடம் ஒரு மெழுகுதிரி நேர்ந்துகொண்டேன்.

மூன்றாம் நாள் கவுண்டரில் ஒருவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது கோல் வந்தது. எடுத்ததும் முதலில் கேட்டது அந்தக் கொர், கொர் சத்தம். பிறகு குரல்.

"மிஸ், நான் ராமாயி பேசுறேன்."

"என்னம்மா, மிஷின் வேலை செய்யலையா?"

"செய்யுது, செய்யுது. ஆசுபத்திரிக்கு எடுத்தாந்து நான்தான் பூட்டினேன். போத்தல்ல பால் நெறைய வந்திருச்சி. புள்ளைய நிமித்தி வச்சி கரண்டியால குடுத்தோம்."

நான் கவுண்டரில் நின்றவரைக் கையால் நிறுத்திவிட்டு, போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"குடிச்சிட்டான் மிஸ்," என்றார். "இன்னும் கேட்டு அழுவுறான்."